990 லிட்டர் டீசல் டேங்க்: லைசென்ஸ் வேண்டாம், சட்டம் வேண்டாமா?

ஜெனரேட்டர் உள்ள கட்டடங்களில் டீசல் டேங்கின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவைப் பாருங்கள். பல இடங்களில் 990 லிட்டர் என்றிருக்கும். ஆயிரம் என்று முழுதாகப் போடாமல் பத்து லிட்டரை ஏன் குறைத்தார்கள்? டேங்க் செய்து கொடுப்பவரைக் கேட்டால், "990 போட்டா லைசென்ஸ் வேண்டாம் சார், எந்தச் சட்டமும் வராது" என்பார். இதில் முதல் பாதி சில நிபந்தனைகளோடு சரி. மறுபாதி தவறு. அந்தத் தவறை நம்பித்தான் பல குடியிருப்புச் சங்கங்களும் சிறு தொழிற்கூடங்களும் மண்டபங்களும் மூன்றாவது டேங்கை வாங்கி வைக்கின்றன.

தரைக்கு மேல் டேங்கிலோ பேரலிலோ எரிபொருள் வைத்திருப்பவர்களுக்கு இந்தியாவின் பெட்ரோலியச் சட்டம் தரும் விலக்குகள் என்ன, அவை எந்த இடத்தில் முடிகின்றன என்பதை இங்கே பார்ப்போம்.

## விலக்கு எதிலிருந்து?

மிதிவண்டி ஓட்ட ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. அதற்காக மிதிவண்டிக்காரர் சிவப்பு விளக்கில் நிற்க வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. உரிமம் வாங்குவது ஒரு கடமை, சாலை விதிப்படி ஓட்டுவது இன்னொரு கடமை. ஒன்றிலிருந்து விடுபட்டால் மற்றதிலிருந்தும் விடுபட்டதாக ஆகாது.

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இதே முறையில்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதன் 3ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் உண்டு. பெட்ரோலியம் எதையும் விதிகளின்படி அல்லாமல் வைத்திருக்கவோ கொண்டுசெல்லவோ கூடாது என்பது முதலாவது. உரிமம் வாங்கி, அதன் நிபந்தனைகளின்படிதான் வைத்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. டீசலுக்கான விலக்கு 7ஆம் பிரிவில் வருகிறது. அது சொல்வது ஒன்றே ஒன்று: இந்த அளவுக்குள் இருந்தால் உரிமம் வாங்கத் தேவையில்லை. ஆக, இரண்டாவது கடமை போய்விடுகிறது. முதலாவது அப்படியே நிற்கிறது.

இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அமைப்பு பெசோ. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு என்பதன் சுருக்கம் இது. தலைமையகம் நாக்பூரில், தென் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கின்றன. எப்படிச் சேமிக்க வேண்டும் என்ற விவரங்கள் பெட்ரோலிய விதிகள், 2002 என்ற தொகுப்பில் உள்ளன.

## டீசலும் பெட்ரோலும் ஒரே வகையல்ல

எத்தனை லிட்டர் வரை விலக்கு என்று கேட்பதற்கு முன்பு, எந்த எரிபொருள் என்று கேட்க வேண்டும். சட்டம் பெட்ரோலியத்தை அதன் பெயரை வைத்துப் பிரிக்கவில்லை, ஃபிளாஷ் பாயின்ட்டை வைத்துப் பிரிக்கிறது.

எரிபொருள் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவி காற்றோடு கலந்துதான் தீப்பிடிக்கிறது. ஒரு கிண்ணத்தில் எண்ணெயை வைத்து மெல்லச் சூடேற்றிக்கொண்டே, மேற்பரப்பில் சிறு சுடரைக் காட்டிக் காட்டி எடுத்தால், ஒரு வெப்பநிலையில் ஆவி 'பக்'கென்று ஒரு நொடி பற்றி அணையும். அப்படிப் பற்றத் தேவையான மிகக் குறைந்த வெப்பநிலைதான் ஃபிளாஷ் பாயின்ட். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு ஆபத்து.

சட்டத்தின் மூன்று வகுப்புகள் இவை:

- ஏ வகுப்பு: ஃபிளாஷ் பாயின்ட் 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. பெட்ரோல், ஹெக்சேன், டொலுவீன் ஆகியவை இதில் அடங்கும்.
- பி வகுப்பு: 23 முதல் 65 டிகிரிக்குள். டீசல், மண்ணெண்ணெய்.
- சி வகுப்பு: 65 முதல் 93 டிகிரிக்குள். ஃபர்னஸ் ஆயில், லைட் டீசல் ஆயில்.

பெட்ரோலின் ஃபிளாஷ் பாயின்ட் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே, சுமார் மைனஸ் 40 டிகிரி. ஆகவே எந்தப் பருவத்திலும், எந்த இரவிலும் அது பற்றத் தயாராக இருக்கிறது. டீசலுக்கு இந்தியத் தர அளவின்படி குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும். 'டீசல் அவ்வளவு சுலபமாகப் பற்றாது' என்று சொல்பவர்கள் இந்த 35ஐக் கவனிப்பதில்லை. மே மாத மதியத்தில் மொட்டை மாடியில் நிழலில்லாமல் நிற்கும் இரும்பு டேங்கின் தகடு இந்த வெப்பத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அப்போது உள்ளே இருக்கும் டீசலும் ஆவி பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடலாம்.

இன்னொரு பொறியும் இங்கே உண்டு. டீசலில் சில சதவீதம் பெட்ரோல் கலந்தாலே ஃபிளாஷ் பாயின்ட் சரசரவென்று கீழே இறங்கிவிடும். பெட்ரோல் இருந்த கேனைக் கழுவாமல் டீசலுக்குப் பயன்படுத்துவது, தவறான கேனை டேங்கில் கவிழ்ப்பது இதெல்லாம் நடக்கிற காரியங்கள்தான். கலவையின் ஃபிளாஷ் பாயின்ட் 23க்குக் கீழே போய்விட்டால் அது ஏ வகுப்பு. 2,500 லிட்டர் வரை இருந்த விலக்கு அந்த நொடியே 30 லிட்டராகச் சுருங்குகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: விலக்கு என்பது உரிமத்திலிருந்து மட்டும். எவ்வளவு விலக்கு என்பதை ஃபிளாஷ் பாயின்ட் தீர்மானிக்கிறது.

## டீசல்: இரண்டு எண்கள், இரண்டும் சேர்ந்தே பொருந்த வேண்டும்

பி வகுப்புக்கு 7ஆம் பிரிவு வைக்கும் நிபந்தனைகள் இரண்டு.

ஒன்று, ஒரே இடத்தில் ஒருவர் வசம் இருக்கும் மொத்த அளவு 2,500 லிட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு, அதில் எந்தப் பகுதியும் 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளும் கலத்தில் இருக்கக் கூடாது.

முதல் எண் இருப்பைப் பற்றியது. இரண்டாவது எண் பாத்திரத்தைப் பற்றியது. எண்ணிப் பார்க்கும்போது பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு 990 லிட்டர் டேங்க் நிரம்பியிருக்கிறது, கூடவே 200 லிட்டர் பேரல் ஏழு. மொத்தம் 2,390. உரிமம் தேவையில்லை. எட்டாவது பேரலை இறக்கினால் 2,590 ஆகிவிடும், உரிமம் தேவை.

990 லிட்டர் டேங்க் இரண்டு இருந்தால் 1,980. மிச்சம் 520 லிட்டர்தான். இரண்டு பேரல் வைக்கலாம், மூன்றாவது கூடாது.

990 லிட்டர் டேங்க் மூன்று. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் நிரப்பினால் 2,970. "ஒண்ணொண்ணும் ஆயிரத்துக்குக் கீழதானே" என்று சொல்லி ஐந்து டேங்க் வரிசையாக வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அவர்கள் இரண்டாவது நிபந்தனையை மட்டும் படித்தவர்கள். "மூன்றையும் 800 லிட்டருக்கு மேல் நிரப்ப மாட்டோம்" என்றால், 2,400 தான் என்பதால் எழுத்துப்படி சரிதான். ஆனால் அதை ஒவ்வொரு நாளும் காட்டி நிரூபிக்க வேண்டும். ஒரு நாள் லாரி டேங்கர் வந்து கழுத்துவரை ஊற்றிவிட்டுப் போனால் கதை முடிந்தது. கொள்ளளவையே 2,500க்குள் வைப்பதுதான் தலைவலி இல்லாத வழி.

கடைசியாக, 1,500 லிட்டர் டேங்க் ஒன்றே ஒன்று, உள்ளே 500 லிட்டர்தான் இருக்கிறது. மொத்த இருப்பு 2,500க்கு வெகு கீழே. ஆனாலும் விலக்கு இல்லை. சட்டம் பார்ப்பது கலத்தின் கொள்ளளவை. எவ்வளவு நிரப்பியிருக்கிறீர்கள் என்பது இந்த இரண்டாவது நிபந்தனைக்குத் தேவையே இல்லை.

ஆயிரம் என்ற எல்லை தற்செயலாக வந்ததல்ல. பெட்ரோலிய விதிகளில் ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் கலத்தில் இருப்பதுதான் 'பல்க்', அதாவது மொத்தச் சேமிப்பு. ஒரு பேரல் ஓட்டையானால் 200 லிட்டர் தரையில் ஓடும். பெரிய டேங்க் ஓட்டையானால் ஓடுவதை வாளியும் மணலும் வைத்துப் பிடிக்க முடியாது. அதனால்தான் மொத்த அளவோடு, ஒரே கலத்தில் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

'ஒரே இடம்' என்பதையும் சிலர் வளைத்துப் பார்ப்பார்கள். ஒரே மதில் சுவருக்குள் ஏ பிளாக்குக்கு ஒரு டேங்க், பி பிளாக்குக்கு ஒரு டேங்க் என்று பிரித்துவிட்டு இரண்டு 2,500 கேட்பது அபாயமான வாசிப்பு. ஒரே உரிமையாளரின் ஒரே வளாகத்தை ஒரே இடமாக எண்ணிக்கொள்வதுதான் விவேகம்.

## 990 என்று எழுதினால் 990 ஆகிவிடாது

தகட்டில் பெயின்ட்டால் எழுதிய எண்ணை நம்பாதீர்கள். டேப்பை எடுத்து உள்ளளவை அளந்துவிடுங்கள். நீளம் 1.1 மீட்டர், அகலம் 1 மீட்டர், உயரம் 0.9 மீட்டர் என்றால் 0.99 கன மீட்டர், சரியாக 990 லிட்டர். அதே டேங்கை இடவசதிக்காக 1.2 மீட்டர் நீளமாகச் செய்துவிட்டு, பழைய ஸ்டென்சிலால் 990 என்றே அடித்திருந்தால், அது 1,080 லிட்டர் டேங்க். உயரத்தில் ஒரு ஓவர்ஃப்ளோ குழாயைப் பொருத்திவிட்டு "அதற்கு மேல் ஏறாது, ஆகவே கொள்ளளவு குறைவு" என்று வாதாடலாம்தான். அந்த வாதம் எடுபடும் என்று எண்ணி டேங்க் வாங்க வேண்டாம். அதிகாரி பெட்டியைத்தான் அளப்பார்.

இரும்புக் கூண்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியாக வரும் ஐபிசி கலங்களிலும் இதே சிக்கல். ஆயிரம் லிட்டர் என்பது அவற்றின் பெயரளவுக் கொள்ளளவு. விளிம்பு வரை நிரப்பினால் ஆயிரத்தைத் தாண்டும். எல்லைக்கு இவ்வளவு அருகில் நிற்கும் கலத்தை விலக்கு பெறும் டேங்காக எண்ணுவது சரியல்ல. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருக்கிறது: பக்கத்தில் தீப்பிடித்தால் பிளாஸ்டிக் சுவர் உருகி, உள்ளே இருப்பது முழுவதும் ஒரே தடவையில் வெளியே வந்துவிடும்.

எந்த டேங்கையும் கழுத்துவரை நிரப்பவும் கூடாது. டீசல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.08 சதவீதம் விரியும். காலையில் குளிர்ச்சியாக 990 லிட்டர் ஊற்றி, மதியத்துக்குள் 20 டிகிரி ஏறினால், சுமார் 16 லிட்டர் கூடுதலாக இடம் கேட்கும். ஐந்து சதவீதம் காலியாக விடுவது நல்ல பழக்கம்.

## எஞ்சினோடு ஒட்டியிருக்கும் டேங்க்

9ஆம் பிரிவு தனி விலக்கு ஒன்றைத் தருகிறது. வண்டியோடு அமைந்த எரிபொருள் டேங்கிலும், நிலையான எஞ்சினோடு இணைந்த டேங்கிலும் உள்ள எரிபொருளுக்கு உரிமம் வேண்டாம். உங்கள் காரின் டேங்குக்கு நீங்கள் பெசோவிடம் போகாமல் இருப்பது இதனால்தான். ஜெனரேட்டரின் கூண்டுக்குள், அடிச்சட்டத்திலேயே அமைந்து வரும் டேங்க் இந்த விலக்குக்குள் வரும். அது 2,500 லிட்டர் கணக்கில் சேராது.

அப்படியானால் சுவரோரம் தனியாக நின்று, குழாய் வழியாக ஜெனரேட்டருக்கு டீசல் அனுப்பும் டே டேங்க்? ஒரு நாள் ஓட்டத்துக்கான டீசலை வைத்திருக்கும் இடைநிலை டேங்க் என்பதால் அந்தப் பெயர். 'குழாயால் இணைந்திருக்கிறதே' என்று இதையும் எஞ்சினோடு சேர்த்துவிடச் சிலர் முயல்வார்கள். அந்தத் தர்க்கத்தை நீட்டினால் முற்றத்தில் நிற்கும் 20,000 லிட்டர் டேங்கும் எஞ்சினோடு இணைந்ததாகிவிடும். தனித் தாங்கியில் நிற்கும் எதையும் 2,500 கணக்கில் சேருங்கள்.

## பெட்ரோல்: 30 லிட்டரும் 100 லிட்டரும்

ஏ வகுப்புக்கு 8ஆம் பிரிவு. விற்பனைக்கு அல்லாமல் வைத்திருந்தால் மொத்தம் 30 லிட்டர் வரை உரிமம் தேவையில்லை. ஆனால் கலத்துக்கும் நிபந்தனை உண்டு: இறுக்கமாக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலமாக இருக்க வேண்டும். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் 25 லிட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வைப்பது அளவால் எல்லைக்குள் இருந்தாலும் கலத்தால் எல்லைக்கு வெளியே. தெருவோரக் கடையில் பாட்டில் பெட்ரோல் விற்பவருக்கு இந்த 30 லிட்டர் கிடையவே கிடையாது, ஏனென்றால் அது விற்பனைக்கானது.

பெட்ரோலில் ஓடும் வண்டியோ எஞ்சினோ வைத்திருப்பவர், அதை ஓட்டுவதற்காக டேங்கில் இருப்பது போக மேலும் 100 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம். இது 9ஆம் பிரிவின் இரண்டாம் பாதி. எஞ்சினுக்கு நூறு என்று எண்ணிவிடக் கூடாது. ஆளுக்கு நூறு, பத்து எஞ்சின் இருந்தாலும் அதே நூறு. அந்தக் கூடுதல் பெட்ரோலையும் மேலே சொன்ன கலங்களில்தான் வைக்க வேண்டும். அது 30 லிட்டரைத் தாண்டினால், ஆட்கள் வசிக்கும், வேலை செய்யும், கூடும் எந்த அறையோடும் தொடர்பில்லாத தனி இடத்தில் வைக்க வேண்டும்.

அச்சகம், பெயின்ட் கடை, மரவேலைப் பட்டறை வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை "நம்மிடம் பெட்ரோலே இல்லையே" என்று தாண்டிவிடுவார்கள். சட்டத்தில் பெட்ரோலியம் என்றால் திரவ ஹைட்ரோகார்பன், அல்லது அது கலந்த எரியக்கூடிய எந்தக் கலவையும். டொலுவீன் கலந்த தின்னரின் ஃபிளாஷ் பாயின்ட் பெரும்பாலும் 23க்குக் கீழேதான் இருக்கும். தின்னர் டின்களுக்கும் அதே 30 லிட்டர் எல்லைதான்.

## கனமான எண்ணெய்கள்

சி வகுப்பில் கொதிகலன் ஓட்டுபவர்களுக்குத் தாராளம்: ஒரே இடத்தில் 45,000 லிட்டர் வரை உரிமம் வேண்டாம், ஒரு கலத்துக்கு இவ்வளவு என்ற எல்லையும் இல்லை. ஆனால் விதிகளின்படி சேமித்தால்தான் அந்த விலக்கு என்று 7ஆம் பிரிவே வெளிப்படையாகச் சொல்கிறது. விதியை மீறிய நாளில் விலக்கும் போகும்.

ஃபிளாஷ் பாயின்ட் 93 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால், 11ஆம் பிரிவின்படி சட்டத்தின் இந்த அத்தியாயமே பொருந்தாது. மசகு எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் எல்லாம் அப்படித் தப்பிக்கின்றன. தப்பித்தவுடன் வேறு சட்டம் பிடித்துக்கொள்ளும்: 2,000 லிட்டருக்கு மேல் எண்ணெய் உள்ள டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்பாதுகாப்பு விதிகள் எண்ணெய் வடிகுழி கேட்கின்றன. பயன்படுத்திக் கழித்த எண்ணெய் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் போய்விடும்.

எண்களை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால்: பெட்ரோல் 30, எஞ்சின் வைத்திருப்பவருக்குக் கூடுதலாக 100. டீசல் 2,500, ஒரு கலத்துக்கு 1,000. ஃபர்னஸ் ஆயில் 45,000. 93 டிகிரிக்கு மேல் எல்லை இல்லை.

## உரிமம் கேட்காத டேங்கும் கசியும்

விலக்கு பெற்ற டேங்கை யாரும் வந்து சோதிப்பதில்லை. வரைபட ஒப்புதல் இல்லை, சான்றிதழ் இல்லை. அதனாலேயே இந்தச் சிறிய டேங்குகளில்தான் அடிப்படைத் தவறுகள் அதிகம் தெரிகின்றன.

முதலில் தடுப்புத் தொட்டி. களத்தில் இதை டைக் என்பார்கள்: டேங்கைச் சுற்றிக் கட்டும் சிறு சுவர், டேங்க் உடைந்தாலும் டீசல் அதற்குள்ளேயே நிற்க வேண்டும். டேங்க் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்கும்படி கட்டுவது நல்ல அளவு. 990 லிட்டருக்கு 1,089 வேண்டும். உள்ளளவு 1.8 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 0.45 மீட்டர் உயரம் என்றால் 1,215 லிட்டர் பிடிக்கும். தாங்கிக் கால்கள் அடைக்கும் இடம் போகவும் போதும். உள்பக்கம் சிமென்ட் பூச்சு விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும்.

சுவரைச் சரியாகக் கட்டியவர்கள்கூட வால்வில் கோட்டை விடுவார்கள். மழைநீர் வடியட்டும் என்று அடியில் ஒரு வால்வு வைத்து, அதை எப்போதும் திறந்தே விட்டுவிடுவது. அப்படி விட்டால் அது தடுப்புத் தொட்டியல்ல, கசியும் டீசலை நேராக மழைநீர்க் கால்வாய்க்கு அனுப்பும் புனல். வால்வு பூட்டியே இருக்க வேண்டும், தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலம் இல்லை என்று பார்த்த பிறகு ஆள் நின்று திறந்து மூட வேண்டும்.

அடுத்தது அளவு காட்டும் குழாய். பக்கவாட்டில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபைச் செருகியிருப்பார்கள். வெயிலில் அது நாளடைவில் இறுகி வெடிக்கும், ஏணி உரசினாலும் கழன்றுவிடும். கீழ் முனை டேங்கின் அடியில் இருப்பதால், டேங்க் முழுவதும் அந்தச் சிறிய துளை வழியாக வடியும். தானாக மூடிக்கொள்ளும் வால்வோடு, உலோகக் காப்பு போட்ட கண்ணாடிக் குழாய் வைக்கலாம். மிதவையால் இயங்கும் டயல் காட்டி இன்னும் நல்லது.

பேரலிலிருந்து பம்ப் போட்டு மேலே உள்ள டே டேங்கை நிரப்பும் அமைப்பில் இன்னொரு விபத்து நடக்கும். மிதவை சுவிட்ச் சிக்கிக்கொண்டால் பம்ப் நிற்காது. ஓவர்ஃப்ளோ குழாய் நிரப்பும் குழாயைவிடச் சிறியதாக இருந்தால் டீசல் காற்றுப் போக்கி வழியாகப் பீறிடும். ஓவர்ஃப்ளோ எப்போதும் ஒரு படி பெரிய விட்டத்தில், இறங்குமுகமாக, இடம் உள்ள கலத்துக்குப் போக வேண்டும்.

நிரப்பும் குழாய் டேங்கின் அடிக்கு அருகில் வரை இறங்கட்டும். மேலிருந்து அருவியாகக் கொட்டினால் நிலைமின்னேற்றம் சேரும், நுரையும் பொங்கும். டேங்க் உடலுக்கு எர்த்திங் கட்டாயம் வேண்டும். காற்றுப் போக்கியின் வாய் ஜெனரேட்டர் அறைக்குள் திறக்கக் கூடாது. வெளியே, கீழ்நோக்கி வளைத்து, வலை போட்டு முடிக்க வேண்டும். அதைத் துணி வைத்து அடைத்தால், டீசல் உறிஞ்சப்படும்போது மெல்லிய தகடு உள்வாங்கும்.

கால்வனைஸ்டு தகடு துருப்பிடிக்காதே என்று டீசலுக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து உருவாகும் பிசுக்கு ஃபில்டரை அடைக்கும். உட்பூச்சில்லாத சாதாரண இரும்புத் தகடே போதும். அடியில் ஒரு வடிகால் வைத்து, சேரும் தண்ணீரை அவ்வப்போது எடுத்துவிடுங்கள்.

## மற்ற அலுவலகங்களும் அமெரிக்க எண்களும்

பெட்ரோலியச் சட்டம் விலக்கு கொடுத்தால் தீயணைப்புத் துறைக்கோ, மின் ஆய்வாளருக்கோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ அந்த விலக்கு பொருந்தாது. ஒவ்வொன்றும் தன் சட்டத்தைத் தனியாகப் பார்க்கும். வைத்திருக்கும் டீசலை அடுத்தவருக்கு விற்பது வேறொரு விவகாரம், அது அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வந்த 2005ஆம் ஆண்டு ஆணைக்குள் போய்விடும். தீயோ வெடிப்போ ஏற்பட்டு உயிர்ச்சேதமோ பலத்த காயமோ நேர்ந்தால், டேங்குக்கு உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், காவல் நிலையத்துக்கும் தலைமை வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் தகவல் தர வேண்டும்.

இணையத்தில் தேடுபவர்கள் 'தரைமேல் டேங்குக்கு 5,000 லிட்டர் வரை விலக்கு' என்று ஒரு எண்ணோடு வருவார்கள். அது அமெரிக்காவின் எண்ணெய்க் கசிவுத் தடுப்பு விதியில் வரும் 1,320 கேலன். 55 கேலனும் அதற்கு மேலும் கொள்ளும் கலங்களை மட்டும் எண்ணி, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பாராமல் கலங்களின் கொள்ளளவையே கூட்டுவார்கள். அதன் நோக்கமும் வேறு: எண்ணெய் நீர்நிலைகளுக்குப் போய்விடாமல் தடுப்பது. நம் பெட்ரோலியச் சட்டம் முதன்மையாகப் பார்ப்பது தீயை. அங்குள்ள எண்ணை எடுத்து இங்குள்ள சட்டத்தில் ஒட்ட முடியாது.

## எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தால்

முதலில் உண்மையிலேயே தாண்ட வேண்டுமா என்று கணக்குப் போடுங்கள். 250 கேவிஏ ஜெனரேட்டர் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் 50 லிட்டர் குடிக்கும். 990 லிட்டரில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓடும், 2,500 லிட்டரில் இரண்டு நாளைத் தொடும். பெரும்பாலான குடியிருப்புகளுக்கு இதற்கு மேல் தேவைப்படாது. மூன்றாவது டேங்க் வைப்பதைவிட, டீசல் கொண்டுவருபவரோடு நேர ஒப்பந்தம் போட்டுக்கொள்வது மலிவு.

தேவைதான் என்றால், டேங்கை இறக்கிவிட்டு அப்புறம் காகிதம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். வரிசை இப்படி: இடத்தின் வரைபடமும் டேங்கின் வடிவமைப்பும் பெசோவின் முன் ஒப்புதலுக்குப் போகும். மாவட்ட நிர்வாகத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஒப்புதல் வந்த வரைபடத்தின்படியே கட்ட வேண்டும். தகுதி பெற்ற ஆய்வாளர் சோதித்துப் பாதுகாப்புச் சான்று தருவார். அதன் பிறகுதான் உரிமம், உரிமம் கைக்கு வந்த பிறகுதான் எரிபொருள். வரைபடத்தில் சுவருக்கும் டேங்குக்கும் நடுவே காட்டிய இடைவெளியை, கட்டும்போது ஒரு பைக் ஷெட்டுக்காகச் சுருக்கினால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.